ஒற்றுத்தாளில் ஒரு மாளிகை: டெண்டர் முதல் திறப்பு விழா வரை



ஒரு டெண்டரை ஜெயிப்பது ஒரு வேலை. ஜெயித்த டெண்டரை நிஜமான கட்டடமாக நிறுத்திக் காட்டுவது முற்றிலும் வேறு வேலை. திட்ட மேலாண்மை பாடப்புத்தகத்தில் முதல் கட்டத்துக்குள் 'முன்மொழிவு ஏற்கப்பட்டது' என்று எழுதி, அடுத்த கட்டத்துக்குள் 'பணி துவக்கம்' என்று எழுதி, நடுவில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்! அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எத்தனையோ நல்ல திட்டங்கள் செத்துப் போவது அந்த இடத்தில்தான்.

அந்த அம்புக்குறிக்குள் நடந்ததெல்லாம் ஓரளவு பதிவாகியிருக்கும் ஒரு கதை உண்டு. 1850-51ல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்த கண்ணாடி மாளிகையின் கதை. கிரிஸ்டல் பேலஸ் என்று சொன்னால் பலருக்கும் ஒரு கால்பந்து அணிதான் ஞாபகம் வரும். அந்த அணிக்குப் பெயர் வந்ததும் இந்தக் கட்டடத்திலிருந்துதான்.

விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டும், ஹென்றி கோல் என்ற சுறுசுறுப்பான அரசு அதிகாரியும் சேர்ந்து, உலக நாடுகள் அனைத்தின் தொழில் பொருட்களையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் ஒரு மாபெரும் கண்காட்சிக்குத் திட்டமிட்டார்கள். 1851 மே 1 அன்று திறக்க வேண்டும். ஜனவரி 1850ல் அரச ஆணையம் அமைந்தது. கட்டடக் குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள்: ராபர்ட் ஸ்டீபன்சன், இசம்பார்ட் புரூனல், நாடாளுமன்றக் கட்டடத்தின் சிற்பி சார்லஸ் பாரி, வில்லியம் கியூபிட். அன்றைய பிரிட்டனின் பொறியியல் மூளை முழுவதும் ஒரே மேஜையில்!

போட்டி அறிவித்தார்கள். 245 வடிவமைப்புகள் வந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் குழுவே உட்கார்ந்து ஒன்றை வரைந்தது. சுமார் ஒன்றரைக் கோடி செங்கற்கள், நடுவில் புரூனலின் 200 அடி விட்ட இரும்புக் குவிமாடம். ஒரு பூங்காவுக்குள், சில மாதக் கண்காட்சிக்கு, இவ்வளவு செங்கல்லா? அவ்வளவு செங்கல்லையும் சுட்டு, கொண்டுவந்து, கட்டி, ஈரம் காய்வதற்குள் மே மாதம் போய்விடும். அந்தப் படம் 1850 ஜூனில் பத்திரிகையில் வெளியானதும் லண்டனே சிரித்தது. சிலர் கோபப்பட்டார்கள். எதையும் கட்ட வேண்டாம், பூங்காவை விட்டுவிடுங்கள் என்றார்கள். பெரிய மூளைகள் நிறைய சேர்ந்து குழு போட்டால் என்ன வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த நேரத்தில்தான் ஜோசப் பேக்ஸ்டன் உள்ளே வருகிறார். கட்டடக்கலை படித்தவர் அல்ல, பொறியாளரும் அல்ல. டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரர்! ரயில்வே பங்குகளில் சம்பாதித்து, மிட்லண்ட் ரயில்வேயின் இயக்குநர்களில் ஒருவராகவும் ஆகியிருந்தார். ஜூன் 11 அன்று டெர்பியில் ஒரு இயக்குநர் கூட்டம். யாரோ ஒரு ஊழியர் மீதான ஒழுங்கு விசாரணை நடந்துகொண்டிருக்க, பேக்ஸ்டன் மேஜையில் கிடந்த இளஞ்சிவப்பு ஒற்றுத்தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கிறுக்கல் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரும்புச் சட்டங்கள், மேலே மடிப்பு மடிப்பாகக் கண்ணாடிக் கூரை. அவ்வளவுதான் படம்.

மேதை ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கினார், மாளிகை எழுந்தது என்று கதையை இந்த இடத்திலேயே முடித்துவிடுபவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வருட வேலை இருந்தது. 1830களின் பிற்பகுதியிலேயே சாட்ஸ்வொர்த்தில் பிரம்மாண்டமான கண்ணாடிச் செடி வீட்டைக் கட்டியிருந்தார் பேக்ஸ்டன். ஜன்னல் மரச்சட்டங்களை நீராவி இயந்திரத்தால் அறுக்கும் முறையை அதற்காகவே உருவாக்கினார். அந்தச் செடி வீட்டுக்கு நான்கு அடி நீளக் கண்ணாடி தந்தது பர்மிங்காம் அருகே ஸ்மெத்விக்கில் இருந்த சான்ஸ் பிரதர்ஸ் நிறுவனம். பிறகு ராட்சத அல்லி மலருக்காக இன்னொரு கண்ணாடி வீடு. தட்டையான மடிப்புக் கூரை, மழைநீரைத் தானே வாங்கிக் கீழே இறக்கும் குழாய்த் தூண்கள் எல்லாம் அதிலேயே பரிசோதிக்கப்பட்டுவிட்டன. ஒற்றுத்தாளில் அவர் வரைந்தது கற்பனை இல்லை. ஏற்கனவே சிறிய அளவில் நின்றுகொண்டிருந்த ஒன்று.

மிட்லண்ட் ரயில்வேயின் பொறியாளர் வில்லியம் பார்லோ கணக்குகளில் உதவ, சுமார் ஒரு வாரத்தில் முழு வரைபடங்கள் தயாராகின. அவற்றை எடுத்துக்கொண்டு லண்டன் போகும் ரயிலில் தற்செயலாக ராபர்ட் ஸ்டீபன்சனைச் சந்தித்தார் பேக்ஸ்டன். குழு உறுப்பினரான ஸ்டீபன்சனே ரயிலில் படங்களைப் பார்த்து மயங்கிவிட்டார். ஜூலை 6 அன்று 'இல்லஸ்ட்ரேடட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் படம் வெளிவந்தது, மக்களுக்கும் பிடித்துப் போனது.

ஆனால் படம் பிடித்தால் போதுமா? குழு ஏற்கனவே தன் செங்கல் கட்டடத்துக்கு டெண்டர் கேட்டிருந்தது. அந்த டெண்டரில் ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது. ஒப்பந்ததாரர்கள் விரும்பினால் குழுவின் வடிவமைப்பில் மாற்றங்களை முன்வைக்கலாம். பேக்ஸ்டன் ஸ்மெத்விக்கைச் சேர்ந்த ஃபாக்ஸ், ஹெண்டர்சன் நிறுவனத்திடம் போனார். 'மாற்றம்' என்ற பெயரில் முழுக் கட்டடத்தையே மாற்றி டெண்டர் போட்டார்கள்!

அந்த டெண்டர் தயாரான விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கையில் இருந்தது சில நாட்கள். இரும்பு, கண்ணாடி உற்பத்தியாளர்களுக்குத் தந்தி அடித்து வரவழைத்தார்கள். எத்தனை தூண், எத்தனை உத்தரம், எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு மரம் என்று ஒவ்வொன்றாக எண்ணி விலை போட்டார்கள். குத்துமதிப்பு இல்லை. கட்டடம் முழுவதும் ஒரே மாதிரியான சில உறுப்புகள் திரும்பத் திரும்ப வருவதால் அப்படி எண்ண முடிந்தது. ஜூலை 10 அன்று விலை கொடுத்தார்கள். அதிலும் இரண்டு விலை. கண்காட்சி முடிந்ததும் பொருட்களை நாங்களே எடுத்துக்கொள்வதென்றால் 79,800 பவுண்டு. கட்டடம் உங்களுக்கே வேண்டுமென்றால் 1,50,000 பவுண்டு.

கட்டடம் எப்படிப் பிரிக்கப்படும், பிரித்தால் எவ்வளவு தேறும் என்பது கட்டுவதற்கு முன்பே விலைக்குள் வந்துவிட்டது! 'பூங்கா கெட்டுவிடும்' என்று கத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் அதுவே பதில்.

ஜூலை கடைசி வாரத்தில் டெண்டர் ஏற்கப்பட்டது. இனிதான் அம்புக்குறி ஆரம்பிக்கிறது.

முதல் சிக்கல், ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை. ஆணையத்துக்கு முறையான சட்ட அங்கீகாரம் இன்னும் கிடைக்கவில்லை, அதுவரை சட்டப்படி யாரும் யாருக்கும் பொறுப்பில்லை. காத்திருந்தால் மே 1 கைநழுவிவிடும். ஃபாக்ஸும் ஹெண்டர்சனும் தங்கள் பொறுப்பிலேயே ஜூலை 30 அன்று இடத்தை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது அக்டோபர் 31 அன்றுதான். மூன்று மாதம் வெறும் வாய்வார்த்தையில் ஓடியது. இதைத் துணிச்சல் என்று பாராட்டுபவர்கள் உண்டு. எதிர்த்தரப்பில் மகாராணியின் கணவரே இருந்ததால் வந்த துணிச்சல் அது என்பது என் எண்ணம். சாதாரணக் காண்ட்ராக்டர் சாதாரண முதலாளியை நம்பி இப்படிச் செய்தால் தெருவுக்கு வந்துவிடுவார்.

இரண்டாவது சிக்கல், பேக்ஸ்டன் கொடுத்த வரைபடங்களை வைத்து ஒரு பட்டறையில் இரும்பை வார்க்க முடியாது. எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், உத்தரம் தூணோடு எப்படிச் சேரும், ஆணி எங்கே, ஆப்பு எங்கே என்பதெல்லாம் அதில் இல்லை. அதைச் செய்தவர் சார்லஸ் ஃபாக்ஸ். ஏழு வாரம், நாளொன்றுக்குச் சுமார் 18 மணி நேரம், தன் கையாலேயே வரைந்ததாகப் பின்னாளில் டெர்பியில் நடந்த ஒரு பாராட்டு விழாவில் அவரே சொன்னார். அவர் கையிலிருந்து படங்கள் போகப் போக, பங்காளி ஜான் ஹெண்டர்சன் உடனே அவற்றைப் பட்டறைக்கு அனுப்பி இரும்பு வேலையை முடுக்கினார். எல்லாப் படமும் முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அதே உரையில் இன்னொன்றும் சொல்கிறார் ஃபாக்ஸ். வரைவதற்கு உட்காருமுன் ஒரு நாள் மாலை லண்டன் போர்ட்லண்ட் பிளேஸ் தெருவுக்குப் போய் 1,848 அடியை அளந்து பார்த்தார். ஏறத்தாழ அந்தத் தெருவின் முழு நீளம். அகலம் தெருவைப் போல மூன்று மடங்கு வரும். நடுக்கூடத்தின் உயரம் இருபுறமும் உள்ள வீடுகளின் உயரம். தான் ஒப்புக்கொண்ட வேலை எவ்வளவு பெரியது என்று அவருக்கு உடம்பில் உறைத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். காகிதத்தில் 1,848 என்பது நான்கு இலக்கம். தெருவில் நடந்து பார்த்தால் கால் வலிக்கும்!

1851ம் ஆண்டு என்பதால் கட்டடத்தின் நீளமும் 1,851 அடி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அழகான கற்பனைதான், ஆனால் அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு எண் வரவே முடியாது. தூண்களுக்கு இடையே 24 அடி என்பதுதான் அதன் அடிப்படை அளவு. 77 முறை 24 என்றால் 1,848. அகலம் 408 அடி, அது 17 முறை 24. கூரையின் மடிப்பு 8 அடி, மூன்று மடிப்புக்கு ஒரு 24. அந்த மடிப்புக்குப் பொருந்தும் கண்ணாடித் துண்டு 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். சான்ஸ் பிரதர்ஸ் மொத்தமாகச் செய்து தரக்கூடிய கண்ணாடிக்கு ஏற்றபடி கட்டடம் அமைந்ததே தவிர, கட்டடத்துக்கு ஏற்றபடி கண்ணாடி தேடவில்லை. அப்படிப்பட்ட துண்டுகள் ஏறக்குறைய 3 லட்சம் தேவைப்பட்டன. மொத்தம் சுமார் 9 லட்சம் சதுர அடி.

தூண்களிலும் இதே புத்திதான். பாரம் அதிகம் வரும் இடத்தில் தூண் தடிமனாக இருக்க வேண்டும் அல்லவா? தடிமனை உள்பக்கமாகக் கூட்டினார்கள். வெளிவிட்டம் எல்லாத் தூணுக்கும் ஒன்றே, 8 அங்குலம். அதனால் இணைப்புத் துண்டுகளும் உத்தரங்களும் எங்கே போனாலும் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தகவலும் வெளிவந்தது. எஞ்சியிருக்கும் நட்டு போல்ட்டுகளை ஆராய்ந்தவர்கள், அவை ஜோசப் விட்வொர்த் 1841ல் முன்வைத்த பொதுத் திருகு அளவில் செய்யப்பட்டவை என்று 2024ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நாளில் ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. எந்த நட்டும் எந்த போல்ட்டிலும் ஏறும் என்றால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

1850 செப்டம்பர் 26 அன்று முதல் தூண் நின்றது. அதன் பிறகு வேகம்தான். வார்ப்பிரும்பு உத்தரங்கள் வண்டியில் வந்து இறங்கியதும், பூங்காவிலேயே எடை போட்டு, ஹைட்ராலிக் அழுத்தக் கருவியில் சோதித்து, தேறியதை மட்டும் மேலே தூக்கினார்கள். கூரைக் கால்வாய்களில் சக்கரம் ஓடும் வண்டிகள் செய்து, மேலே துணிக்கூரை போட்டு, மழையிலும் கண்ணாடி பதித்தார்கள். ஒரே வாரத்தில் 80 பேர் 18,000 கண்ணாடிகளுக்கு மேல் பதித்திருக்கிறார்கள். இடத்தைச் சுற்றி அடித்த பலகை வேலியைக்கூட விடவில்லை. பலகைகளில் ஆணி அடிக்காமல் கம்பங்களுக்கு நடுவே சொருகி நிறுத்தி, வேலை முடிந்ததும் எடுத்துத் தரைப் பலகையாகப் போட்டுவிட்டார்கள். எந்த மாமியாருக்கும் பிடிக்கும் சிக்கனம்!

எல்லாம் வெண்ணெய் போல் போகவில்லை. பூங்காவின் பழைய எல்ம் மரங்களை வெட்டக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியதால், தட்டைக் கூரைத் திட்டத்தின் நடுவே 108 அடி உயர வளைவுக் கூரை ஒன்றைச் சேர்த்து, மரங்களை உள்ளே வைத்தே கட்டினார்கள். இன்று அந்தக் கட்டடத்தின் படத்தைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது கடைசி நேரத்தில் சேர்த்த அந்த வளைவுதான். கண்ணாடி பதிப்பவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்நின்றவர்களை நீக்கிவிட்டு வேலை தொடர்ந்தது. குளிர்காலத்தில் வழுக்கும் கூரை மேல் உட்கார்ந்து பதித்தவர்கள் அவர்கள். 79,800 பவுண்டு என்ற குறைந்த விலையின் ஒரு பகுதியை அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். பாராட்டுக் கட்டுரைகளில் இது ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.

காற்றடித்தால் விழும் என்றார் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி. மாடங்கள் தாங்குமா என்று பார்க்க, தொழிலாளர்களைக் கூட்டமாக நடக்கவும் குதிக்கவும் வைத்தார்கள், பிறகு ராணுவ வீரர்களை அணிவகுத்து மிதிக்க வைத்தார்கள். தாங்கியது. கூரை அங்கங்கே ஒழுகியது, அதை மறைப்பதற்கில்லை. ஆண்டு முடிவுக்குள் என்ற கெடு சில வாரங்கள் தள்ளியது. ஆனாலும் 1851 பிப்ரவரி 12 அன்று காட்சிப் பொருட்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டன. மே 1 அன்று மகாராணி திறந்து வைத்தார். 60 லட்சத்துக்கும் அதிகமான வருகைகள். நம்மிடமிருந்து போன கோஹினூரும் அங்கேதான் கூண்டுக்குள் இருந்தது. செலவு போக மிஞ்சிய 1,86,000 பவுண்டு தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகங்களுக்கு அடித்தளமானது.

நல்ல வடிவமைப்பு ஜெயித்தால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று தோன்றினால், நூறு வருடம் தள்ளி ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நடை போய் வரலாம். சிட்னி ஆபரா ஹவுஸ் போட்டிக்கு வந்த 233 வடிவமைப்புகளில் டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வரைந்தது 1957 ஜனவரியில் ஜெயித்தது. பாய்மரம் போன்ற கூரைகள். எவ்வளவு அழகு! ஆனால் அவற்றை எப்படிக் கட்டுவது என்று அன்று யாருக்கும் தெரியாது. நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் ஜோ கேஹில், தாமதித்தால் திட்டம் கைவிடப்படும் என்ற பயத்தில், 1959 மார்ச்சிலேயே அடித்தள வேலையை ஆரம்பிக்க வைத்தார். கூரையின் வடிவக் கணிதம் 1961ல்தான் பிடிபட்டது, எல்லாக் கூரையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டிய துண்டுகள் என்று. அதற்குள் அடித்தளத் தூண்கள் எழுந்துவிட்டன. புதிய கூரையின் பாரத்தை அவை தாங்காது என்று மறுபடி பலப்படுத்த வேண்டி வந்தது. பணத்தகராறில் உட்சன் 1966ல் விலகினார், முடிந்த கட்டடத்தைக் கடைசி வரை அவர் நேரில் பார்க்கவே இல்லை. 70 லட்சம் டாலர் மதிப்பீடு 10 கோடியே 20 லட்சம் டாலராகி, 1963ல் முடிய வேண்டியது 1973ல் முடிந்தது.

கேஹிலும் ஃபாக்ஸும் இருவருமே அவசரப்பட்டவர்கள்தான். இருவருமே படங்கள் முடியுமுன் வேலையை ஆரம்பித்தவர்கள். ஆனால் ஃபாக்ஸ் கட்டப் போகிறவர், டெண்டரில் விலை போட்டவரும் அவரே. வரையாத படத்திலும் தூணுக்கும் தூணுக்கும் 24 அடி என்று அவருக்குத் தெரியும். சிட்னியில் ஜெயித்த படத்துக்கு அப்படி ஒரு அளவுகோல் இல்லை, அதை வாங்கும்போது கட்டப் போகிறவர் யாரும் அறையில் இல்லை. இதைச் சொல்லும்போதே ஒரு சங்கடமும் இருக்கிறது. உட்சனுக்குப் பக்கத்தில் ஒரு ஃபாக்ஸ் உட்கார்ந்து முதல் நாளே எண்ணி விலை போட்டிருந்தால், அந்தப் பாய்மரங்களை உலகம் பார்த்திருக்குமா? எனக்கு உறுதியில்லை.

கண்ணாடி மாளிகை டெண்டரில் சொன்னபடியே பிரிக்கப்பட்டது. 70,000 பவுண்டுக்கு விலைபோய், லண்டனின் தெற்கே சிடன்ஹாமில் இன்னும் பெரிதாக எழுந்து, 1936 நவம்பர் 30 இரவு எரிந்து போனது. பேக்ஸ்டன், ஃபாக்ஸ், கியூபிட் மூவருக்கும் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஃபாக்ஸ், ஹெண்டர்சன் நிறுவனம் வேறு பணிகளில் ஏற்பட்ட நெருக்கடியால் 1856ல் நொடித்துவிட்டது. ஃபாக்ஸ் தன் மகன்களோடு சேர்ந்து ஆலோசனைப் பொறியாளராக மறுபடி ஆரம்பித்தார். குறைந்த செலவில் போடக்கூடிய குறுகிய ரயில் பாதைகள்தான் அப்போது அவருடைய பேச்செல்லாம். அவற்றில் ஆரம்பத்தில் வந்த ஒன்று, 3 அடி 6 அங்குல அகலத்தில் 1865ல் ஓடத் தொடங்கிய 19 மைல் பாதை. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு!